மணத்திற்குச் செவிசாய்த்தல்

ஐம்புலன்களுள் மூக்கிற்கு நாம் அளித்திருப்பது கடைசி இருக்கை. கண்ணுக்கு ஓவியமும் சிற்பமும் உண்டு. செவிக்கு இசை உண்டு. நாவுக்கு அறுசுவை உண்டு. மூக்கிற்கோ ஒரு முழம் பூவும் ஓர் ஊதுவத்தியும் போதும் என்று விட்டுவிட்டோம். நம் மொழியின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 'நாற்றம்' என்னும் சொல்லை நம் முன்னோர் நறுமணத்தைக் குறிக்கவும் தயக்கமின்றி ஆண்டனர்; இன்று அச்சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிக்கிறோம். மணத்தைக் குறித்த சொல்லையே இழிவுக்கு விட்டுக்கொடுத்த நாம், மணத்தின் மீது எவ்வளவு கவனம் வைத்திருக்கிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

மூக்கிற்கென்று ஒரு கலையை, ஏறத்தாழ ஒரு தவத்தை வளர்த்த நாடு ஜப்பான். 'கோதோ' என்பது அதன் பெயர். தமிழில் 'நறுமண நெறி' எனலாம். தேநீர் நெறி, மலர் நெறி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இக்கலை பதினைந்தாம் நூற்றாண்டில் வடிவம் பெற்றது. இதற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கிண்ணம். அதில் நிறைய மென்மையான சாம்பல். சாம்பலுக்குள் புதைத்த ஒரு கரித்துண்டுக் கனல். அதன் மேல் ஒரு சிறு அப்பிரகத் தகடு. தகட்டின் மேல் நகத்துணுக்கு அளவில் ஒரு மரச்சில்லு. மரம் எரிவதில்லை, புகையும் எழுவதில்லை. சாம்பலின் ஊடே வரும் இளஞ்சூடு மரத்திலுள்ள மணத்தை மெல்ல விடுவிக்கிறது. கூடியிருப்போர் கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் கவித்து, மும்முறை மூச்சை உள்வாங்கி அடுத்தவரிடம் தருகின்றனர். அந்த அறையில் அமைதியே ஆட்சி செய்கிறது.

இதைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்தியது ஒரு சொல். இந்நெறியில் நிற்போர் மணத்தை 'முகர்கிறோம்' என்று சொல்வதில்லை, 'கேட்கிறோம்' என்கின்றனர். அவர்கள் ஆளும் 'கிகு' என்னும் வினைக்குச் செவிமடுத்தல், வினவுதல் என்ற இரு பொருளும் உண்டு. நம் 'கேள்' என்னும் சொல்லும் அவ்வாறே இரு பொருள் தருவதன்றோ? முகர்பவன் மணத்தைத் தன்பால் இழுக்கிறான். பிடித்தால் வைத்துக்கொள்கிறான், பிடிக்காவிட்டால் தள்ளுகிறான். கேட்பவனோ முதலில் தான் மௌனமாகிறான். எதிரே இருப்பது தன் போக்கில் பேசட்டும் என்று காத்திருக்கிறான். ஆண்டவரின் கோவிலில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல் அன்றிரவு கற்றுக்கொண்ட பாடமும் இதுவே.

அக்கிண்ணத்தில் இடப்படும் மரம் நமக்கு அந்நியமானதன்று, அது அகில். கி.பி. 595ஆம் ஆண்டில் அவாஜித் தீவின் கரையில் ஒரு மரக்கட்டை ஒதுங்கியது என்றும், தீவு மக்கள் அதன் பெருமை அறியாமல் விறகோடு சேர்த்து அடுப்பிலிட்டனர் என்றும், புகையின் மணம் நெடுந்தொலைவு பரவியதைக் கண்டு வியந்து அதை அரசவைக்குக் காணிக்கையாக்கினர் என்றும் ஜப்பானியரின் பழைய வரலாற்று நூலான நிகோன் சோகி கூறுகிறது. நம் சங்க மகளிர் கூந்தலை உலர்த்தியதும் இதே அகிலின் புகையில்தான். விவிலியத்தின் எபிரேய மொழியில் இம்மரத்தைக் குறிக்கும் சொல்லே நம் 'அகில்' என்பதிலிருந்து சென்றது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஆண்டவரை அடக்கம் செய்ய நிக்கதேம் வெள்ளைப்போளத்துடன் இன்னொரு மணப்பொருளையும் கலந்து, ஏறக்குறைய முப்பது கிலோ கொண்டுவந்தார் என்று யோவான் எழுதுகிறார். தமிழ் மொழிபெயர்ப்புகள் அந்த இரண்டாவது பொருளைப் பலவாறு பெயர்த்திருக்கின்றன. கிரேக்க மூலத்திலுள்ள சொல் அகிலையே குறிப்பதாகப் பலரும் கொள்வர்.

இந்த அகில் மணம் பெறும் வகை சிந்தனைக்குரியது. நலமாக நிற்கும் அகில் மரத்தில் மணம் இல்லை. அது வெளிறிய, கனமற்ற மரம். பட்டை காயமுற்று, அக்காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து நோயுறும்போதுதான், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அது பிசினைச் சுரக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசின் ஊறிய பகுதி கறுத்து, நீரில் அமிழும் அளவுக்குக் கனத்து, மணக்கட்டையாகிறது. ஞானியர் குழந்தை இயேசுவுக்குக் கொணர்ந்த சாம்பிராணியும் வெள்ளைப்போளமும்கூட மரத்தின் பட்டையைக் கீறியெடுத்த பிசின்களே. பெத்லகேமில் தொடக்கத்தில் வந்ததும், கல்லறையில் இறுதியில் வந்ததும் காயத்தில் பிறந்த மணங்கள்தாம். தற்செயல் என்று இதைக் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை.

இவற்றையெல்லாம் படிக்கும்போது என் எண்ணம் அந்தச் சிறு கிண்ணத்தையே சுற்றிவரும். பீங்கான் நகரில் வாழ்பவன் வேறு எதைச் சுற்றுவான்? எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் உண்டு. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காக மேலடுக்குகளை அகற்றும்போது வெளிப்படும் களிமண்தான் இத்தொழிலுக்கு ஆதாரமாய் அமைந்தது. ஊறுகாய் ஜாடி, மின்சாரப் பெட்டியில் பொருத்தும் பியூஸ் கேரியர், பொம்மை, கார்த்திகைக்கு ஏற்றும் அகல் என்று அம்மண் பல உருவங்கள் எடுத்து ஊர் ஊராகச் செல்கிறது. பழமலைநாதர் கோயிலைக் காண வருவோர் கல்லின் பெருமையைப் பேசிச் செல்வர். ஊரில் வாழும் எங்களுக்கோ மண்தான் சோறு.

கோடை முழுதும் வெந்து கிடந்த இந்த மண்ணின் மீது முதல் மழைத்துளி விழும்போது எழும் மணத்தை அறியாதவர் யார்? 1964ஆம் ஆண்டில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் இரு ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இம்மணத்தை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினர். கட்டுரையின் தலைப்பே களிமண்ணின் மணத்தைப் பற்றியதுதான். கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், கிரேக்கத் தொன்மங்களில் தேவர்களின் நரம்புகளில் ஓடுவதாகச் சொல்லப்படும் நீர்மத்தின் பெயரையும் இணைத்து அதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டனர். வறண்ட நாள்களில் களிமண்ணும் பாறையும் காற்றில் மிதந்துவரும் நுண்ணிய எண்ணெய்ப் பொருள்களைத் தம் துளைகளில் வாங்கிச் சேர்த்து வைக்கின்றன. ஈரம் பட்டவுடன் அவற்றை வெளியே விடுகின்றன. இத்துடன் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்னும் பொருளின் மணமும் கலக்கிறது. இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கே இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அற்ப இருக்கை தந்து ஒதுக்கி வைத்த மூக்கிற்குப் படைத்தவர் அளித்திருக்கும் நுட்பம் அத்தகையது!

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் இம்மணத்தையே அத்தராக வடிக்கின்றனர். சுட்ட களிமண் வில்லைகளைச் செப்புக் கொப்பரையில் நீருடன் இட்டு, வாயைக் களிமண்ணால் மூடிக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் உள்ள கலத்திற்குள் செலுத்துவர். மழையின் முதல் மூச்சு ஒரு சிமிழுக்குள் வந்து அமர்கிறது.

இங்கே பீங்கான் ஊர்க்காரனுக்கு ஒரு செய்தி இருக்கிறது. புதிய மண்பானையில் நீரை ஊற்றினால் மணம் எழுகிறது. பீங்கான் கோப்பையில் ஊற்றினால் எழுவதில்லை. இரண்டும் களிமண்ணே, இரண்டும் சூளை கண்டவையே. பானை ஒரு முறை தீயில் வெந்தது. கோப்பை அதைவிடக் கடுமையான வெப்பத்தில் வெந்து, உடல் இறுகி, 'கிளேஸ்' என்று தொழிலாளர் சொல்லும் கண்ணாடிப் பூச்சையும் ஏற்றுக்கொண்டது. கறை படியாது, கசியாது, பார்வைக்கு அழகு. ஆயினும் வாங்கவும் வழியில்லை, கொடுக்கவும் வழியில்லை. பானையின் துளைகளோ திறந்தே இருக்கின்றன. வாழ்க்கையின் சூளையில் வெந்தவர்கள் நம்மிடையே பலர். வெந்த பின்னும் சிலர் தம்மை அண்டியவர்க்குக் குளிர்ச்சி தருகின்றனர். சிலர் மேற்பூச்சுப் பூசிக்கொண்டு எவரும் தீண்டாதபடி பளபளக்கின்றனர்.

மண்ணையும் மணத்தையும் பேணுவதில் ஜப்பானியர் செய்த இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2001ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நல்ல மணம் கமழும் இடங்கள் என்று நூறு இடங்களைத் தேர்ந்து அறிவித்தது. மலர்த் தோட்டங்கள் மட்டுமல்ல, தோக்கியோவின் கண்டா பகுதியிலுள்ள பழைய புத்தகக் கடைத் தெருவும், பெப்பு நகரின் வெந்நீர் ஊற்றுகளின் ஆவியும் அப்பட்டியலில் இடம் பெற்றன. மணமும் ஒரு நாட்டின் செல்வம், அதைக் காக்க வேண்டுமானால் அது பிறக்கும் இடத்தைக் காக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

நம் ஊருக்கு அப்படியொரு பட்டியல் எழுதினால் எவற்றைச் சேர்ப்போம்? தை, மாசியில் முந்திரித் தோப்புகளில் பூ விரியும்போது காற்றில் வரும் இனிப்பு. பங்குனி, சித்திரையில் வேம்பின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பூவின் மென்கசப்பு மணம். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி உதறும்போது ஈரமண்ணும் பச்சைக் காயும் கலந்து எழும் வாசனை. வறண்ட மணிமுத்தாற்று மணலில் புதுநீர் பாயும் பொழுது. ஆறிய சூளையைத் திறக்கையில் வரும் வெதுவெதுப்பான வாடை. கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா திருவிழாவில் ஆயிரம் மெழுகுதிரிகள் உருகும் இரவு. இவற்றில் எதையும் கடையில் வாங்க இயலாது. ஆனால் இழக்க இயலும். முற்றங்கள் சிமெண்டுத் தளங்களாகிவிட்ட தெருவில் மழை பெய்தால் நனைவதற்குத் தரை உண்டு. மணப்பதற்கு மண் இல்லை.

இழப்பு என்றால் என்ன என்பதை 2021ஆம் ஆண்டு எனக்குக் கற்பித்தது. அவ்வாண்டின் கோடையில் கொரோனாத் தொற்று என்னையும் தீண்டியது. உயிர் பிழைத்தேன்; மூக்கு மட்டும் ஊமையாயிற்று. காப்பி வெந்நீராயிற்று. அடுப்பில் பால் தீய்ந்ததும் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கொடியது, பேத்தியை மடியில் வைத்து உச்சி முகர்ந்தபோது ஒன்றும் இல்லாதிருந்ததுதான். குழந்தை சிரித்தது, நான் அவளை ஒரு கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்ப்பவனைப் போல இருந்தேன். தொடக்கநூலில் பார்வையிழந்த ஈசாக்கு மகனை அருகில் அழைத்து முத்தமிட்டு, அவன் ஆடையின் மணத்தை முகர்ந்து, ஆண்டவர் ஆசி வழங்கிய வயல்வெளியை நினைந்து ஆசி கூறுகிறார். கண் இழந்த முதியவருக்கு மூக்காவது எஞ்சியிருந்தது. என் ஆசிக்கு அந்த வயல்வெளி இல்லாமற் போயிற்றே என்று வருந்தினேன்.

மருத்துவர் ஒரு பயிற்சியைச் சொன்னார். ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ஹும்மல் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கு மணங்களைக் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். பன்னிரண்டு வாரங்கள் தொடர வேண்டும். என் மனைவி நான்கு சிறு ஜாடிகளை எடுத்து வைத்தாள். எங்கள் ஊர் ஜாடிகள்தாம். ஒவ்வொரு நாளும் செபமாலை முடிந்ததும் அவற்றின் முன் அமர்வேன். "என்னங்க, இன்னிக்காவது ஏதாவது தெரியுதா?" என்று அவள் கேட்பாள். நான் தலையசைப்பேன். மறுநாளும் ஜாடிகள் வரும்.

ஒன்றும் வராத இடத்தில் நாள்தோறும் போய் உட்காருவது எளிதன்று. அந்த வாரங்களில்தான் 'மணத்தைக் கேட்டல்' என்ற தொடர் எனக்குப் பொருள் விளங்கியது. கிராம்பு என்று தெரியும். அதன் மணம் எப்படி இருந்தது என்று நினைவும் உண்டு. ஆனால் அது பேசவில்லை. பேசும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வறண்ட செபத்தைப் பற்றிப் புனிதர்கள் எழுதியதெல்லாம் வேறு எதைப் பற்றியது? கிராம்பு முதலில் வந்தது, சுவரின் மறுபுறம் யாரோ மெல்லப் பேசுவதைப் போல. பிறகு எலுமிச்சை. வடகிழக்குப் பருவமழையின் ஒரு மாலையில், வீட்டின் எதிரே குவித்து வைத்திருந்த மண்மேட்டில் தூறல் விழுந்தபோது, ஈரமண்ணின் மணம் முழுமையாக என்னிடம் வந்தது. என் மனைவியை அழைத்துச் சொல்ல நா எழவில்லை. அவளே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

அதன்பின் திருவிவிலியத்தை வாசிக்கையில் மணங்கள் என் கண்ணில் படத் தொடங்கின. விடுதலைப் பயண நூலில் ஆண்டவர் தூபத்திற்குரிய கலவையை மோசேக்குச் சொல்கிறார்; அதே கலவையைத் தன் சொந்த இன்பத்திற்காகச் செய்துகொள்பவன் மக்களிடமிருந்து விலக்கப்படுவான் என்றும் எச்சரிக்கிறார். நறுமணம் முதலில் ஒரு காணிக்கை, பிறகே இன்பம். பெத்தானியாவில் மரியா இயேசுவின் காலடிகளில் நறுமணத் தைலத்தைப் பூசியபோது வீடு முழுவதும் மணம் நிறைந்தது என்று யோவான் எழுதுகிறார். நம் இமயத்தில் விளையும் சடாமாஞ்சிலின் வேரிலிருந்து எடுத்து, பாலைகள் கடந்து பெத்தானியாவரை சென்ற தைலம் அது. ஒரு கூலியாளின் ஓராண்டு ஊதியம் அதன் விலை. அன்று அந்த வீட்டில் ஒருவனுக்கு மட்டும் மணம் எட்டவில்லை. அவன் முந்நூறு தெனாரியத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தான்.

நம் ஆலயங்களுக்கு வருவோம். 1969ஆம் ஆண்டில் இந்திய வழிபாட்டு முறைக்கென உரோமை ஏற்றுக்கொண்ட பன்னிரு கூறுகளில் தூபமும் ஒன்று. சங்கிலியில் ஆடும் தூபக்கலத்திற்குப் பதில் கைப்பிடியுள்ள எளிய தூபக்கிண்ணத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதில் உண்டு. அம்முயற்சியின் பின்னே உழைத்த அருள்தந்தை அமலோற்பவதாஸ் நம் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தர். அந்தக் கிண்ணத்தை எத்தனை பங்குகளில் பார்க்கிறோம்? பீடத்தில் நெகிழிப் பூக்கள். மூலையில் மின்சார மணத் தெளிப்பான். ஆண்டு முழுவதும் ஒரே மணம். தவக்காலத்திற்கும் உயிர்ப்புப் பெருவிழாவிற்கும் மூக்கு வேறுபாடு அறிவதில்லை. சிறிதளவே போதும், தனிமையில் துணையாகும் என்பவை ஜப்பானியர் நறுமணத்திற்குச் சொல்லும் பத்துப் பண்புகளுள் அடங்கும். ஞாயிறன்று நம் தோட்டத்து மல்லிகை நான்கு சரம், நற்செய்திக்கு முன் ஒரு சிட்டிகை சாம்பிராணி, அதன் பின் சற்றே மௌனம்: இவை பெருஞ்செலவு பிடிப்பவையா?

சிறிதளவு போதும் என்பதில் இன்னொரு கடமையும் அடங்கியிருக்கிறது. காடுகளில் அளவின்றி வெட்டப்பட்டதால், அகில் தரும் மரவினத்தின் பன்னாட்டு வாணிகம் 1995ஆம் ஆண்டு முதல் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டது. சாம்பிராணி மரங்களும் குறைந்துவருவதாக 2019ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எச்சரித்தனர். ஓயாமல் கீறப்படும் மரம் விதையீன்று தன் இனத்தைப் பெருக்கும் வலுவை இழக்கிறது. காயத்திலிருந்து மணம் தருவது மரத்தின் பெருந்தன்மை. அதைக் கொண்டு காயத்தைப் பெருக்குவது நம் பேராசை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் எழுதிய 'லௌதாத்தோ சி' என்னும் மடலில் படைப்பைப் பொதுவீடாகக் கருதிப் பேண வேண்டியது தூபமிடும் கைக்கும் பொருந்தும்.

புத்தமும் சிந்தோவும் தழைத்த நாட்டினரிடம் கிறிஸ்தவர் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த புனித சவேரியார் 1549ஆம் ஆண்டில் ஜப்பான் மண்ணில் கால்வைத்து அம்மக்களின் பண்பை வியந்து எழுதினார். 2017ஆம் ஆண்டில் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்ட தகாயாமா உகோன் ஒரு தேநீர் நெறி வல்லுநர். அச்சிறு அறையின் அமைதியையே செபத்திற்கு இடமாக்கிக்கொண்டவர். விசுவாசத்தின் பொருட்டு நாடுகடத்தப்பட்டு மணிலாவில் உயிர்நீத்தவர். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. அவ்வளவு தொலைவு போவானேன்? விருத்தாசலத்தில் வழங்கிய பெரியநாயகி என்னும் பெயரை நம் அன்னைக்குச் சூட்டி, தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் கோணாங்குப்பத்தில் அமர்த்தியவர் வீரமாமுனிவர். அவர் இயற்றிய காப்பியத்தின் பெயர் தேம்பாவணி. வாடாத மாலை என்று அதற்குப் பொருள் கூறுவர். இத்தாலியிலிருந்து வந்தவர் இம்மண்ணின் மணத்தைக் கேட்டதனால் தொடுத்த மாலை அது.

நாம் கிறிஸ்துவின் நறுமணம் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அதே திருமுகத்தில், இரண்டு அதிகாரங்கள் தள்ளி, செல்வத்தை மண்பாண்டங்களில் சுமந்திருக்கிறோம் என்றும் எழுதினார். பீங்கான் நகரத்தவனாகிய எனக்கு இவ்விரண்டும் ஒரே கருத்தின் இரு பாதிகளாகவே படுகின்றன. மண்பாண்டம் தன் மணத்தைத் தானே உண்டாக்குவதில்லை. திறந்த துளைகளோடு வறட்சியில் காத்திருந்து, காற்று கொணர்ந்ததை வாங்கி வைத்து, மழை வந்த பொழுதில் கொடுக்கிறது. அடுத்த மழையின்போது வாயிற்கதவைத் திறந்து வைப்போம். சற்று நேரம் பேசாதிருப்போம். மண் சொல்வதைக் கேட்டுப் பழகிய மூக்கு, அடுத்த வீட்டு அடுப்பில் உலை கொதிக்கவில்லை என்பதையும் ஒருநாள் கேட்கும். அப்போது நாமும் மணப்போம்.